யாருடைய ஓரவஞ்சனை? மனச்சாய்வும் அல்காரிதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் ஓர் ஊர்ப்புற நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிறோம். சென்ற தை மாதம் அறுவடை நெருக்கடிக்கு நடுவிலும் முப்பது பேர் வந்திருந்தார்கள். "கம்ப்யூட்டர் தீர்மானித்தால் ஓரவஞ்சனை இருக்காதா?" என்பதுதான் அன்றைய பேச்சு. கேட்ட கேள்விகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தங்கிவிட்டன. எனக்குக் கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கும் வேலை. வீட்டுக்கு, வாய்க்கால் தண்ணீர் கடைசியாக எட்டும் கடைமடையில் மூன்று ஏக்கர் நிலம். பதில்களில் இரண்டின் வாடையும் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனச்சாய்வு என்றால் கெட்ட எண்ணமா?

பெரும்பாலும் இல்லை. நெல் வியாபாரி குவியலிலிருந்து நாலு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்து, "இன்னும் ஒரு வெயில் வேண்டும்" என்கிறார். அவர் எதையும் அளக்கவில்லை. முப்பது வருடப் பழக்கம் பல்லில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். இந்தக் குறுக்குவழி இல்லாவிட்டால் அவருக்குப் பொழுது போதாது. நம் எல்லோருக்கும் அப்படித்தான்.

குறுக்குவழி தப்பலாம், அதில் குற்றமில்லை. ஆனால் எப்போதும் ஒரே பக்கமாகத் தப்பினால் அதுதான் சாய்வு. ஒரு தராசின் முள் ஆடிக்கொண்டே இருந்தால் சில நாள் உங்களுக்கு லாபம், சில நாள் நட்டம். இன்னொரு தராசில் முள் ஆடவே ஆடாது, ஆனால் ஒவ்வொரு சிப்பத்திலும் அரைக் கிலோ குறைத்துக் காட்டும். முதலாவது தடுமாற்றம், இரண்டாவது சாய்வு. பார்க்க மிக ஒழுங்காக இருப்பது இரண்டாவதுதான் என்பதை நினைவில் வையுங்கள். அல்காரிதம் பற்றிப் பேசும்போது திரும்ப வேண்டியிருக்கும்.

தெரிந்தே செய்வதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: ஓரவஞ்சனை. தெரியாமல் செய்வதற்குத்தான் சொல் தேட வேண்டியிருக்கிறது.

அது எங்கிருந்து வருகிறது?

மூன்று ஊற்றுகள்.

முதலாவது, மூளை வேலை செய்யும் விதம். 1974-இல் ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டானியல் கானமன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனையை விவரித்தார்கள். எண்கள் எழுதிய சக்கரத்தைச் சுற்றிவிட்டு, "ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம்?" என்று கேட்பார்கள். சக்கரம் 10 அல்லது 65-இல் மட்டுமே நிற்கும்படி முன்பே செய்து வைத்திருந்தார்கள். 10 பார்த்தவர்கள் சொன்ன பதில்களின் நடுமதிப்பு (வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பது) 25. 65 பார்த்தவர்களின் நடுமதிப்பு 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. நெல் தரகர் முதலில் ஏன் அடிமட்ட விலையைச் சொல்லி ஆரம்பிக்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. அவர் சொன்ன எண்ணைச் சுற்றித்தான் அதன்பின் நாமும் பேசுகிறோம்.

கண்ணில் பட்டதைப் பெரிதாக எண்ணுவதும் இதே வகை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வரை தென்னைகள் சாய்ந்தன. அதற்கு அடுத்த ஐப்பசியில் வானொலியில் "தாழ்வு" என்ற சொல் கேட்டாலே எங்கள் தெருவில் மண்ணெண்ணெய் விளக்கைத் தேடினார்கள். வறட்சியால் ஆண்டாண்டாக இழந்தது புயலில் இழந்ததைவிட அதிகமாக இருக்கலாம். ஆனால் வறட்சிக்கு ஓசை இல்லை.

இரண்டாவது, கூட்டம் சேரும் குணம். ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் 1970 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளிச் சிறுவர்களை, எந்த ஓவியருடைய படம் பிடித்திருக்கிறது என்பது போன்ற அற்பக் காரணத்தைச் சொல்லி இரண்டு குழுக்களாகப் பிரித்தார். யார் எந்தக் குழு என்றுகூட ஒருவருக்கொருவர் தெரியாது. அப்படியும் காசு பங்கிடச் சொன்னபோது தன் குழுவுக்கே கூடுதலாக ஒதுக்கினார்கள். அது மட்டுமல்ல, தன் குழுவுக்குக் கிடைப்பது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்குழுவைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று பார்த்தார்கள். பங்காளிச் சண்டையைப் பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல.

மூன்றாவது, நாம் பிறந்த தெரு. இது மூளையில் வருவதல்ல, சொல்லிக்கொடுக்கப்படுவது. யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யாரைப் பெயர் சொல்லி அழைக்கலாம், யார் களத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பள்ளிக்குப் போகும் முன்பே குழந்தை கற்றுவிடுகிறது. உளவியல் நூல்கள் முதல் இரண்டைப் பற்றி நிறையப் பேசும். டெல்டாவில் கனமானது மூன்றாவதுதான்.

படித்தவர்கள், நீதிபதிகள் இதற்கு அப்பாற்பட்டவர்கள் அல்லவா?

இந்தக் கேள்விக்கு எல்லோரும் திருவாரூர் கல்தேரைக் காட்டி மனுநீதிச் சோழன் கதையைச் சொல்வார்கள். நான் அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத கீழ்வெண்மணியைக் காட்டுகிறேன்.

1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வுக் கோரிக்கையும் சங்கம் வைத்த கோபமும் முற்றிய நேரத்தில், ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ்நீதிமன்றத்தில் நிலக்கிழார்கள் சிலர் தண்டிக்கப்பட்டார்கள். 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று: குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் செல்வந்தர்கள், ஏராளமான நிலம் உடையவர்கள், ஒருவரிடம் கார்கூட இருக்கிறது, அப்படிப்பட்டவர்கள் வேலையாட்களின் துணையில்லாமல் தாங்களே நடந்து வந்து குடிசைகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

இதை இரண்டு முறை படியுங்கள். சட்டம் தெரியாதவர் எழுதியதல்ல. நிலமும் காரும் உள்ளவர் எப்படி நடந்துகொள்வார் என்ற ஒரு முன்முடிவு, சாட்சியம் உட்கார வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. படிப்பு சாய்வைப் போக்குவதில்லை. சில சமயம் அதற்கு நல்ல வாக்கியங்களைத் தேடிக்கொடுக்கிறது.

இஸ்ரேலில் நீதிபதிகள் உணவு இடைவேளைக்குப் பின் அதிகம் பேருக்குப் பரோல் அளித்தார்கள் என்று 2011-இல் வந்த ஆய்வைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். வழக்குகள் வந்த வரிசையே தற்செயலானது அல்ல என்று அதே ஆண்டு மறுப்பும் வந்தது. பசி நீதியைக் கெடுக்கும் என்பது கேட்க நன்றாயிருக்கிறது. அதனாலேயே கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

அல்காரிதம் என்றால் என்ன? நாங்கள் அதைப் பார்த்ததே இல்லையே?

தினமும் பார்க்கிறீர்கள். இன்னது இருந்தால் இன்னது செய், பிறகு இன்னது செய் என்று படிப்படியாக எழுதிய முறைதான் அல்காரிதம். கம்ப்யூட்டர் வேண்டும் என்றுகூட இல்லை.

உங்கள் பிள்ளை பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தபோது கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று மொத்தம் 200-க்கு கட்-ஆஃப் போட்டார்கள் அல்லவா? அது ஓர் அல்காரிதம். இரண்டு பேர் சமமாக வந்தால் ஒவ்வொரு பாட மதிப்பெண்ணாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசிவரை சமமாக நின்றால் சம வாய்ப்பு எண் தீர்மானிக்கும். கணினி குருட்டாம்போக்கில் கொடுத்த எண் அது. பயிர்க் காப்பீட்டுத் தொகை உங்கள் கணக்கில் ஏறுவதும் ஏறாததும்கூட ஓர் அல்காரிதம்தான். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

இப்போது புதிதாக வந்திருப்பது வேறு வகை. விதியை மனிதர் எழுதுவதில்லை. பழைய முடிவுகளைக் கொட்டி, "இதைப் பார்த்து நீயே விதியைக் கண்டுபிடி" என்று இயந்திரத்திடம் விட்டுவிடுகிறார்கள். சிக்கல் அதிகம் அங்கேதான்.

மனிதர் கையில் விடாமல் தீர்மானிக்கும் பழக்கம் நம்மிடம் முன்பு இருந்ததா?

இருந்தது, கல்வெட்டிலேயே இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் உத்திரமேரூரில் வெட்டிய கல்வெட்டுகள், ஊர் வாரியத்துக்கு (ஊரை நிர்வகிக்கும் குழுவுக்கு) ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை வரி வரியாகச் சொல்கின்றன. ஊர் காவிரிக் கரை அல்ல, அரசன் நம் பக்கத்தவன். ஊரை 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் கலக்கி, எழுதப் படிக்க அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். கடந்த 3 ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு இடமில்லை. கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவருடைய உறவினருக்கும் இடமில்லை. மனிதச் சாய்வை நன்கு அறிந்தவர்கள் போட்ட விதிகள் இவை. சிறுவனின் கையை நம்பினார்கள். பெரியவர்களின் கையை நம்பவில்லை.

ஆனால் குடத்துக்குள் யாருடைய ஓலை போகலாம்? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் அறிந்திருக்க வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள். குலுக்கல் அப்பழுக்கில்லாதது. அதற்கு முன்பே ஊரின் பெரும்பகுதி குடத்துக்கு வெளியே நின்றுவிட்டது. பெண்கள், உழுதவர்கள், நிலமில்லாதவர்கள் யாருடைய ஓலையும் கலங்கவில்லை.

இன்றைய அல்காரிதம் எதைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: குடத்துக்குள் யார்?

மனிதரைவிட அல்காரிதம் நன்றாகத் தீர்மானிக்குமா?

பல வேலைகளில், ஆம். எனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் சான்று அப்படித்தான் இருக்கிறது. 1954-இல் பால் மீல் என்ற அமெரிக்க உளவியலாளர், நிபுணரின் கணிப்பையும் எளிய சூத்திரத்தின் கணிப்பையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்தார். சூத்திரம் பெரும்பாலும் சமமாகவோ மேலாகவோ நின்றது. 2000-இல் 136 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அதே கதை. சராசரியாகச் சூத்திரத்தின் துல்லியம் பத்து சதவீதம் அளவுக்குக் கூடுதல், நிபுணர் தெளிவாக வென்ற இடங்கள் கொஞ்சமே. காரணம் எளிது. நிபுணருக்கு நேற்று ஒரு மனநிலை, இன்று ஒரு மனநிலை. சூத்திரத்துக்குத் தலைவலி கிடையாது, மைத்துனன் கிடையாது.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதமானி வந்ததை நினைத்துப் பாருங்கள். கடித்துப் பார்த்தும் கையில் அள்ளிக் குலுக்கியும் சொன்ன காலத்தில், "உங்கள் நெல் ஈரம்" என்றால் மறுபேச்சு இல்லை. மானி 17 சதவீதத்துக்குள் காட்டினால் எடுத்தாக வேண்டும். இது முன்னேற்றம்தான், சந்தேகமில்லை.

ஆனால் ஒரு சம்பா அறுவடையில் எங்கள் குவியலில் மானி 17.4 காட்டியது. அதே குவியலின் மறுபக்கம் குத்தூசி விட்டு எடுத்தால் 16.8. மானி இரண்டு முறையும் உண்மையே சொன்னது. எங்கே குத்துவது என்பதை மானி தீர்மானிக்கவில்லை. அந்த 17 என்ற எண்ணையும் மானி தீர்மானிக்கவில்லை. மழை கெடுத்த ஆண்டுகளில் 22 வரை தளர்த்தச் சொல்லி விவசாயிகள் கேட்பதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போவதும் நமக்குப் பழகிய காட்சி. கருவி அளக்கும்; கோட்டை எங்கே போடுவது என்பது மனிதர்கள் பேசி முடிப்பது.

அப்படியானால் அல்காரிதம் எப்படி ஓரவஞ்சனை செய்கிறது?

பழைய நோட்டைப் பார்த்து எழுதுவதால். அமேசான் நிறுவனம் வேலை விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க ஒரு கருவியை உருவாக்கிப் பார்த்தது. பத்து ஆண்டு விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். விண்ணப்பத்தில் "மகளிர்" என்ற பொருள்படும் சொல் வந்தாலே கருவி மதிப்பெண்ணைக் குறைத்தது. ராய்ட்டர்ஸ் 2018-இல் இதை வெளியிடும் முன்பே அந்தத் திட்டம் கைவிடப்பட்டிருந்தது.

இரண்டாவது வகை இதைவிட நுட்பமானது. வேண்டியதை அளக்காமல் எளிதாகக் கிடைப்பதை அளப்பது. அமெரிக்க மருத்துவமனைகளில், யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று கணிக்கும் ஓர் அல்காரிதத்தை 2019-இல் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அது இனத்தைப் பார்க்கவே இல்லை. நோயின் கடுமைக்குப் பதிலாக மருத்துவச் செலவைக் கணித்தது, அவ்வளவுதான். கறுப்பின மக்களுக்கு அதே நோய்க்குக் குறைவாகச் செலவிடப்பட்டு வந்ததால், இயந்திரம் அவர்களை ஆரோக்கியமானவர்கள் என்று எண்ணிவிட்டது. அதைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்பு பெறுவோரில் கறுப்பினத்தவர் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று கணக்கிட்டார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2016 முதல் நடக்கும் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஒரு கிராமத்தின் கடந்த 7 ஆண்டு மகசூலில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதத்தை உத்தரவாத மகசூல் என்று வைக்கிறார்கள். நடப்பு மகசூலை அறிய, குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்த வயல்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கிறது. உத்தரவாதத்தைவிட எவ்வளவு குறைந்ததோ அந்த விகிதத்தில் இழப்பீடு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. தலைமடைக் கிராமத்தின் சிறந்த ஐந்தாண்டுச் சராசரி ஏக்கருக்கு 2000 கிலோ. 80 சதவீதம் என்றால் உத்தரவாதம் 1600. கடைமடைக் கிராமம் உப்பேறியது, தை வரை நீர் வடியாதது. சராசரி 1200, உத்தரவாதம் 960. இந்த ஆண்டு வெள்ளம். இரண்டு ஊரிலும் ஏக்கருக்கு 1000 கிலோதான் கண்டது. தலைமடைக்கு 37.5 சதவீத இழப்பீடு. கடைமடைக்கு ஒரு பைசா இல்லை. அவர்கள் 960-ஐ ஏற்கெனவே தாண்டிவிட்டார்களே!

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மோசமான இரண்டு ஆண்டுகளைக் கழித்துவிடுவது விவசாயிக்கு நல்லது செய்யத்தான். "வழக்கத்தைவிடக் குறைந்தால்தானே இழப்பு?" என்று காப்பீட்டுக்காரர் கேட்டால், காப்பீடு என்ற வகையில் அவர் வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் கடைமடைக்கு அந்த "வழக்கம்" வந்தது எப்படி? தண்ணீர் வராமலும் வடியாமலும் பல ஆண்டு கெட்டதால். பழைய அநியாயம் சராசரி என்ற பெயரில் சூத்திரத்துக்குள் போய் உட்கார்ந்து, புதிய அநியாயத்துக்கு அடிப்படையாகிறது. சாய்வு சூத்திரத்தின் கணக்கில் இல்லை. எந்த எண்ணிலிருந்து கணக்கைத் தொடங்குகிறோம் என்பதில் இருக்கிறது.

சாதி, மதம், ஆண், பெண் எதையும் கேட்காமல் விட்டால் போதாதா?

போதாது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியை ஒட்டிக்கொள்ளும் வழக்கம் பெரும்பாலும் போய்விட்டது, நல்ல விஷயம். நேர்காணலுக்குப் போனால் என்ன கேட்கிறார்கள்? "எந்த ஊர் தம்பி?" பிறகு, "அங்கே எந்தத் தெரு?" இயந்திரமும் அதையே கேட்கும், இன்னும் நாசூக்காக. அஞ்சல் எண், படித்த பள்ளி, தந்தையின் தொழில், எந்த நேரத்தில் போனுக்குக் காசு போடுகிறார் என்று நாலு தகவல் சேர்ந்தால் கேட்காத கேள்விக்கும் விடை வந்துவிடும்.

மனிதர் செய்வதை அளந்த ஆய்வும் உண்டு. சுகதேவ் தோராட்டும் பால் அட்டவெல்லும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி இந்தியத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் என்றோ முஸ்லிம் என்றோ அடையாளம் காட்டும் பெயர்களுக்கு அழைப்பு குறைந்தது. 2007-இல் வெளியான ஆய்வு அது. பெயர் இருந்ததால்தான் பாரபட்சத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது என்பதையும் பாருங்கள். அடையாளத்தை அழித்துவிட்டால் பாரபட்சம் மறையாது. அதைச் சோதிக்கும் வழிதான் மறையும்.

நியாயம் என்பது ஒன்றுதானே? அதை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன?

அன்று அதிக நேரம் பிடித்த கேள்வி இதுதான்.

முறை வைத்துத் தண்ணீர் விடும் ஒரு வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு ஒரு மணி நேரம் என்று முறை. நியாயம்தானே? தலைமடையில் மடையைத் திறந்ததும் தண்ணீர் பாயும். கடைமடையில், காய்ந்த வாய்க்கால் குடித்தது போக, வயலைத் தொடும்போதே அரை மணி கழிந்திருக்கும். நேரம் சமம், தண்ணீர் சமமல்ல.

சரி, வயலுக்குள் வந்த தண்ணீரைச் சமமாக்குவோம். அப்போது கடைமடைக்கு இரண்டு மணி நேரம் கொடுக்க வேண்டும். தலைமடைக்காரர் சண்டைக்கு வருவார். அவர் பக்கமிருந்து பார்த்தால் அதுவும் நியாயம்தான். மூன்றாவதாக ஒருவர், "நீரைப் பார்க்காதீர்கள், விளைச்சலைப் பாருங்கள், என்னுடையது மணல் நிலம்" என்பார். நேரம், நீர், விளைச்சல் ஆகிய மூன்றையும் ஒரே சமயத்தில் சமமாக்க முடியாது. வழியில் இழப்பே இல்லை, மண் எல்லாம் ஒன்று என்றால் மட்டும் முடியும். அப்படி ஒரு வாய்க்காலை யாராவது பார்த்திருந்தால் எனக்கும் காட்டுங்கள்.

அமெரிக்காவில் இதே சண்டை நீதிமன்றத்துக்குள் நடந்தது. கைதானவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று மதிப்பெண் போடும் காம்பஸ் என்ற மென்பொருளை 2016-இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் ஆராய்ந்தது. புளோரிடாவின் ஒரு மாவட்டத்தில் 7000-க்கும் மேற்பட்டோரின் மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தார்கள். பின்னர் குற்றம் எதுவும் செய்யாத கறுப்பினத்தவரில் 44.9 சதவீதம் பேர் தவறாக ஆபத்தானவர்கள் என்று குறிக்கப்பட்டிருந்தார்கள், வெள்ளையரில் 23.5 சதவீதம். அநியாயம் என்றது புரோபப்ளிகா. மென்பொருள் நிறுவனம் வேறொரு கணக்கைக் காட்டியது. ஆபத்தானவர் என்று குறிக்கப்பட்டவர்களில் உண்மையிலேயே மறுபடி கைதானவர்களின் விகிதம் இரு இனத்திலும் ஏறக்குறைய ஒன்றே, ஆகவே நியாயம் என்றது.

இரண்டு கணக்கும் சரி. பிறகு கணிதவியலாளர்கள் காட்டியது என்னவென்றால், இரண்டு குழுக்களில் மறுகைது விகிதம் வேறுபட்டிருந்தால், கணிப்பு நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலொழிய இந்த இரண்டு நியாயங்களையும் சேர்த்துப் பெற முடியாது. நல்ல மென்பொருள் எழுதினாலும் முடியாது. வாய்க்காலும் அதைத்தான் சொன்னது.

ஒரு விஷயம் விட்டுப்போகக் கூடாது. இயந்திரத்துக்குக் கொடுத்தது "குற்றம் செய்தாரா" என்பதல்ல, "கைதானாரா" என்பது. போலீஸ் எந்தத் தெருவில் அதிகம் சுற்றுகிறதோ அந்தத் தெருவில் கைது அதிகம்.

இட ஒதுக்கீடே ஒரு சாய்வுதானே? அதை அல்காரிதத்தில் சேர்த்தால் அது எப்படி நடுநிலை?

பின்வரிசையில் இருந்த ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி, ஆனால் "ஒதுக்கீடு இல்லாத பட்டியல் நடுநிலையானது" என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு கேட்கும் கேள்வி. மதிப்பெண்ணும் ஒரு மானிதான். வேதாரண்யம் பக்கத்து அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் இடம் காலியாகக் கிடந்து எடுத்த 150-உம், தஞ்சாவூரில் மூன்று டியூஷன் போய் எடுத்த 150-உம் ஒன்று என்று அந்த மானி சொல்கிறது. குத்தூசியை எங்கே விட்டோம் என்ற அதே பிரச்சினை.

1921-இல் சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை வந்தது முதல் இன்றைய 69 சதவீதம் வரை, நம் மாநிலம் மானியின் சாய்வை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு திருத்தி வந்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீதம் என்பது 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. அதுவும் இதே வகைத் திருத்தம். விகிதம் கூடவா குறையவா, யாருக்கு என்று சண்டை போடலாம், போட வேண்டும். அந்தச் சண்டையைச் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் எல்லோர் கண்ணெதிரிலும் போட முடிகிறதே, அதுதான் எனக்கு முக்கியம். கடன் செயலிக்குள் இருக்கும் விகிதத்தோடு யார் சண்டை போட்டிருக்கிறோம்?

ரேஷன் கடையில் விரல் ரேகை விழவில்லை. இதுவும் சாய்வா?

கேட்டவர் நாற்பது வருடம் நாற்று நட்ட கை. சேற்றிலும் உரத்திலும் ஊறி ரேகை தேய்ந்துவிட்டது. ஆம் அம்மா, சாய்வுதான். கருவிக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. தேயாத விரல்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது, அவ்வளவே. அது தவறுவது எல்லோரிடமும் சமமாக அல்ல. உழைத்த கையிடமும் முதிய கையிடமும் அதிகம்.

முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களை ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு பெண்கள் 2018-இல் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் தவறு அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்களிடம் 34.7 வரை போனது. "எங்கள் கருவி இத்தனை சதவீதம் சரி" என்று யாராவது சொன்னால், யாரிடம் சரி என்று திருப்பிக் கேளுங்கள்.

குத்தகைக்குப் பயிர் செய்பவருக்குக் கடன் செயலி கடன் தருமா?

சிரமம். சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்கள் நில உடைமையாளர் பெயரில் இருக்கும், குத்தகை வாய்மொழி. கூட்டுறவுச் சங்கத்தில் செயலருக்கு ஆளைத் தெரியும், ஏதாவது வழி சொல்வார் (அவர் மனம் வைத்தால் என்பதும் உண்மை). செயலிக்குக் காகிதத்தில் இல்லாதவர் உலகத்திலேயே இல்லாதவர். நிலம் கணவர் பெயரில் இருக்கும் பெண் விவசாயிக்கும் இதே கதி. தெரிந்த ஆளின் தயவு ஒரு பக்கம், தெரியாத இயந்திரத்தின் கண்டிப்பு மறுபக்கம். எது மேல் என்று கேட்டால், மேலத்தெருக்காரர் ஒரு பதிலும் கீழத்தெருக்காரர் ஒரு பதிலும் சொல்வார்கள். தயவு யாருக்குக் கிடைத்து வந்தது என்பதைப் பொறுத்தது அது.

அல்காரிதம் தவறு செய்தால் யாரிடம் முறையிடுவது?

ஐரோப்பாவில் தனிநபர் தரவுச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, முழுக்க இயந்திரமே எடுத்த பெரிய முடிவுகளை ஏற்காமல், ஒரு மனிதர் பார்க்க வேண்டும் என்று கேட்கும் உரிமையைத் தருகிறது. நம் நாட்டின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. தரவு சரியாக இருக்க வேண்டும் என்ற கடமையும் திருத்தக் கேட்கும் உரிமையும் இருக்கின்றன.

அரசு சார்ந்தது என்றால் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். "இழப்பீடு ஏன் வரவில்லை?" என்று கேட்டு மனு போடாதீர்கள், "விதிகளின்படி" என்று ஒரு வரிப் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: எங்கள் வருவாய்க் கிராமத்தின் உத்தரவாத மகசூல் எவ்வளவு? அதற்கு எடுத்துக்கொண்ட 7 ஆண்டுகளின் மகசூல் தனித்தனியாக எவ்வளவு? இந்தப் பருவத்தில் அறுவடைப் பரிசோதனை நடந்த புல எண்கள் எவை, ஒவ்வொன்றிலும் எடை எவ்வளவு, எந்தத் தேதியில்? எண்ணைக் கேட்டால் எண் வரும். எண் வந்தால் கூட்டிப் பார்க்கலாம். மனித மனத்தை இப்படிக் கூட்டிப் பார்க்க வழியே இல்லை. அல்காரிதத்தை நான் முழுவதும் வெறுக்காததற்கு இது ஒன்றே காரணம்.

மேட்டூரில் இவ்வளவு அடி, இவ்வளவு கன அடி என்று செல்போனில் வருகிறதே. எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருமா என்று அது சொல்லுமா?

கடைசியாக எழுந்த பெரியவர் கேட்டது. தலைஞாயிறு பக்கத்துக்காரர்.

மேட்டூரில் 120 அடிக்கு எவ்வளவு, கல்லணையில் காவிரிக்கு எவ்வளவு, வெண்ணாற்றுக்கு எவ்வளவு, கொள்ளிடத்துக்கு எவ்வளவு என்பதை நன்றாகவே சொல்லும். அங்கே அளக்கிறார்கள். கீழே வர வர அளக்கும் இடங்கள் குறையும். அளக்காத இடத்தைப் பற்றி எந்த அல்காரிதமும் ஊகம்தான் சொல்லும். அந்த ஊகமும் மேலே அளந்த எண்ணிலிருந்து வரும்.

எங்கள் வாய்க்காலின் கடைசி மதகில் அடிக்கணக்குக் கோடுகள் போட்ட அளவுகல் ஒன்று இருந்தது. கஜா அன்று ஒரு தூங்குமூஞ்சி மரம் அதன் மேல் விழுந்தது. மரத்தை மறுவாரமே விறகுக்கு வெட்டி எடுத்துப் போனார்கள். கல் இன்னும் படுத்த வாக்கில் கிடக்கிறது.